பிரோசாக் கல்லும் சாணைச் சில்லும்: ஒரு கைவினையில் உழைப்பும் பெறுமதியும்

அணிகலன்கள் பற்றிய எழுத்துக்கள் பெரும்பாலும் அவற்றை அணிபவரையும் விற்பவரையும் பற்றியனவாகவே அமைந்துள்ளன. கல்லைத் தேய்த்தவர் அவற்றில் அரிதாகவே இடம்பெறுகின்றார். எமது இலக்கிய மரபும் இதற்கு முற்றிலும் விலக்கன்று. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரையின் இரத்தினக் கடைத்தெருவை வருணிக்குமிடத்து, மணிகளின் குணமும் குற்றமும் நுணுக்கமாகக் கூறப்படுகின்றன. ஆயின், அந்நுணுக்கம் கல்லை மதிப்பிடும் வணிகரின் அறிவாகும். மதுரைக்காஞ்சி, சங்கறுப்போரையும் மணிகளைத் துளையிடுவோரையும் நகரத் தெருவில் நிற்கும் தொழிலாளர் வரிசையில் வைத்துச் சுட்டுகின்றது. அவர்களின் தொழில் எவ்வாறு நிகழ்ந்தது என்பதை அதுவும் கூறவில்லை.

இக்குறையை ஓரளவு நிரப்பும் நோக்குடன், நவமணிகளுள் ஒன்றாக எண்ணப்படாத ஒரு கல்லை நாம் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம். ஆங்கிலத்தில் டர்க்கோய்ஸ் எனவும் பாரசீகத்தில் ஃபீரூசே எனவும் வழங்கும் பிரோசாக் கல்லே அது. அது எவ்வாறு அணிக்குரிய குவிமுகக் கல்லாகின்றது என்பதை முதலில் விளக்கி, பின்னர் அத்தொழில் நிகழும் சமூக உறவுகளை நோக்குவோம். ‘இயற்கையான கல்’ எனச் சந்தையில் விலை பேசப்படும் பொருளில் இயற்கையின் பங்கு யாது, மனித உழைப்பின் பங்கு யாது என்பதே எமது வினா.

1. பெயரும் பிறப்பும்

டர்க்கோய்ஸ் என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்குத் துருக்கியக் கல் என்பது பொருள். ஆனால் அது துருக்கியில் விளைந்த கல்லன்று. பாரசீகத்தில் அகழப்பட்டுத் துருக்கிய வணிகவழிகளூடாக ஐரோப்பாவை அடைந்தமையால் அப்பெயர் பெற்றது. கல்லின் பெயரில் வணிகவழி நிலைத்துவிட்டது. அகழ்ந்தவரின் நாடு மறைந்துவிட்டது.

இரசாயன நோக்கில் இது செம்பும் அலுமினியமும் சேர்ந்த, நீரேறிய பொசுபேற்று ஆகும். செப்புத் தாதுக்கள் உள்ள பாறைகள் நிலமட்டத்தை அண்டிச் சிதைவுறும்போது, அமிலத்தன்மை வாய்ந்த நீர் அவற்றினூடாகக் கசிந்து செம்பைக் கரைக்கின்றது. அயற்பாறையிலிருந்து அலுமினியமும் பொசுபரசும் வந்து சேர, வெடிப்புகளிலும் பொந்துகளிலும் பிரோசா படிகின்றது. எனவே இது பெரும்பாலும் ஆழமற்ற இடங்களிலே, மெல்லிய நரம்புகளாகவோ சிறு கட்டிகளாகவோ காணப்படும். செம்பு நீல நிறத்தைத் தருகின்றது. அலுமினியத்தின் இடத்தை இரும்பு கொள்ளுமளவுக்குக் கல் பச்சை சார்கின்றது. சூழ்ந்த பாறையும் இரும்புத் தாதுவும் கல்லினூடே கபில நிறக் கோடுகளாகவோ கருங்கோடுகளாகவோ ஓடுவதுண்டு.

இக்கல்லின் கடினம் மோ அளவையில் ஏறத்தாழ 5 முதல் 6 வரையானது. படிகக்கல்லின் கடினம் 7 ஆகும். சாதாரணத் தூசியிலும் படிகத் துகள்கள் உள்ளமையால், பிரோசா நாளாந்தப் பயன்பாட்டிலேயே கீறுபடத்தக்கது. அத்துடன் அது நுண்டுளைகள் நிறைந்தது. எண்ணெயையும் வியர்வையையும் உறிஞ்சி நிறம் மாறும். வெப்பமும் அதற்கு ஆகாது. மென்மை, நுண்டுளைமை, வெப்பத்துக்கு அஞ்சுதல் என்னும் இம்மூன்று இயல்புகளும் பின்வரும் தொழின்முறை முழுவதையும் நிர்ணயிக்கின்றன.

சினாய்த் தீபகற்பத்தில் எகிப்தியர் கி.மு. மூன்றாம் ஆயிரவாண்டிலேயே இக்கல்லை அகழ்ந்தனர். அங்குள்ள செராபித் எல் காதிம் சுரங்கப் பகுதியில் 1905இல் ஃபிளிண்டர்ஸ் பெற்றி சில பொறிப்புகளைக் கண்டெடுத்தார். 1916இல் அலன் கார்டினர் அவற்றுட் சில குறிகளைச் செமித்திய மொழிச் சொல்லாக வாசித்துக் காட்டினார். எழுத்துக்கு ஓர் ஒலி என்ற முறையில் அமைந்த அகரவரிசை எழுத்தின் மிகப் பழைய சான்றுகளுள் இவை அடங்கும். அரசவைகளின் எழுத்தரிடத்தன்றி, ஒரு பிரோசாச் சுரங்கத்தின் அருகே இத்தகைய எழுத்து கிடைத்தமை இலக்கிய மாணவர் மனங்கொளத்தக்கது.

2. குவிமுகம் ஏன்?

தமிழில் மணித்தொழில் முழுவதையும் ‘பட்டை தீட்டுதல்’ என்று கூறும் வழக்கம் உண்டு. பட்டை என்பது தட்டையான முகம். ஒளியை உள்ளே செலுத்தித் திருப்பியனுப்பும் தெளிந்த கல்லுக்கே அது பொருந்தும். பிரோசா ஒளி புகாக் கல். பட்டைகள் அதற்குப் பயனற்றவை. மேலும், பட்டைகளின் கூர்விளிம்புகள் இத்தகைய மென்கல்லில் விரைவிலே மழுங்கிவிடும். ஆதலால் அடிப்புறம் தட்டையாகவும் மேற்புறம் மழமழப்பான குவிவாகவும் இக்கல் அமைக்கப்படுகின்றது. இவ்வடிவத்தைக் கபொஷோன் என்பர். தலை என்னும் பொருளுடைய பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து பிறந்தது அது.

எமது நாட்டில் நட்சத்திர நீலமும் பூனைக்கண் வைடூரியமும் இவ்வாறே குவிமுகமாக வெட்டப்படுகின்றன. ஆயினும் காரணம் வேறு. அவற்றில் கல்லின் உள்ளமைப்பால் எழும் ஒளிக்கீற்றைத் திரட்டிக் காட்டவே குவிவு தேவைப்படுகின்றது. பிரோசாவில் குவிவு மேற்பரப்பின் நிறத்தையும் கோடுகளையும் காட்டுகின்றது, விளிம்பைக் காக்கின்றது.

3. தொழின்முறை

முதற்படி தெரிவாகும். சுரங்கத்திலிருந்து வரும் பிரோசாவில் பெரும்பகுதி சுண்ணக்கட்டி போல் மென்மையானது. உள்ளபடியே மெருகேற்கத்தக்க கடினமான கல் சிறுபகுதியே. கைவினைஞர் கல்லை நீரில் நனைத்துப் பார்ப்பர். நனைந்த கல்லில் நிறம் தெளிவாகும், வெடிப்புகள் கோடுகளாகத் தெரியும். நீரை விரைந்து உறிஞ்சும் கல் நுண்டுளை மிக்கது என்பதும் அப்பொழுதே புலனாகும்.

அடுத்தது அறுத்தல். வைரத்தூள் பதித்த வட்டவாளைக் குளிர்விப்பதற்கு வேறு பல கற்களின் விடயத்தில் எண்ணெய் பயன்படுவதுண்டு. பிரோசா எண்ணெயை உறிஞ்சி நிரந்தரமாக நிறம் மங்குமாதலால், நீர் மட்டுமே பயன்படுத்தப்படும். நரம்பாகக் கிடைத்த கல் சில மில்லிமீற்றர் தடிப்பே உடையதாயின், தேய்க்கும்போது பிளக்காதிருக்க அதன் அடியில் எபொக்சிப் பசை போன்ற ஒரு பின்தளம் ஒட்டப்படுகின்றது.

பின்னர் வடிவம் வரையப்படும். நீள்வட்டத் துளைகள் வெட்டிய அச்சுத்தகட்டைக் கல்லின்மீது வைத்து, மை ஊறிவிடும் என்பதால் அலுமினியம் அல்லது பித்தளைக் கோலினாற் கோடிடுவர். ஈண்டு ஒரு தெரிவு எழுகின்றது. 18 மி.மீ. நீளமும் 13 மி.மீ. அகலமும் கொண்ட செந்தர நீள்வட்டத்துக்கு வெட்டினால், ஆலைகளில் ஆயத்தமாகச் செய்யப்பட்ட பதிப்புக்கூட்டில் கல் எளிதாகப் பொருந்தும். ஆனால் கல்லின் ஒரு பகுதி தூளாகிக் கழியும். கல்லின் இயல்பான உருவத்தைத் தழுவி வெட்டினால் கல் மிஞ்சும். ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் வெள்ளிவேலை செய்பவர் தனித்தனியே விளிம்புத்தகடு வளைக்க வேண்டும். கல்லைச் சேமிப்பதா, வெள்ளிவினைஞரின் நேரத்தைச் சேமிப்பதா என்ற இக்கணக்கு அழகியற் கணக்காக மட்டும் இருப்பதில்லை. எது மலிவானது என்பதைச் சந்தை முடிவு செய்கின்றது. அம்முடிவே பெரும்பாலும் வடிவமாகின்றது.

சிறு கல்லை விரல்களாற் பிடித்துத் தேய்த்தல் கடினம். ஆதலால் அது பிடிகோலின் நுனியில் ஒட்டப்படுகின்றது. வழமையாக இதற்கு உருக்கிய அரக்குமெழுகு பயன்படும். பிரோசா சூடேறினால் வெடிக்கலாம் அல்லது நிறமிழக்கலாமாகையால், குறைந்த வெப்பத்தில் உருகும் மெழுகையோ குளிர்நிலைப் பசையையோ பலர் விரும்புகின்றனர்.

தேய்த்தலில் சாணைச் சில்லின் பருமை எண்ணாற் குறிக்கப்படும்; எண் கூடுந்தோறும் துகள் நுண்மையாகும். கடினமான கற்களுக்கு 80ஆம் எண் சில்லில் தொடங்குவர். பிரோசா அதிற் கணப்பொழுதில் அளவுக்கு மீறித் தேய்ந்துவிடும். எனவே 220ஆம் எண்ணளவில் தொடங்கி, முதலில் விளிம்பும், பின் சாய்வும், பின் குவிவும் அமைத்து, 600, 1200, 3000 என நுண்மையை நோக்கிச் செல்வர். முந்திய படியின் கீறல்களை அழிப்பதே ஒவ்வொரு படியின் பணி. எஞ்சவிட்ட ஒரு கீறல் மெருகின்போது தெளிவாக வெளிப்படும். மணிக்கட்டு இடையறாது சுழன்றவண்ணம் இருத்தல் வேண்டும். சில்லில் ஒரு கணம் தரித்தாற் குவிவில் ஒரு தட்டை விழும். பாறைக்கோடு கல்லிலும் கடினமானதாயின், பிரோசா தாழ்ந்து கோடு மேடாக நிற்கும். இதனைத் தவிர்ப்பதற்குக் கையின் அழுத்தத்தைக் கணத்துக்குக் கணம் மாற்ற வேண்டும். இவ்வறிவு பெரும்பாலும் கையின் பழக்கமாகவே கைமாற்றப்படுகின்றது.

இறுதியாக, தோலிலோ பருத்தித் துணிச் சில்லிலோ குரோமியம் ஒட்சைட்டு, அலுமினியம் ஒட்சைட்டு முதலிய நுண்தூள்களைக் கொண்டு மெருகூட்டப்படும். இப்படியில் உராய்வு வெப்பமே பெரும் பகையாகும். பல மணிநேர உழைப்பு இக்கடைசி நிமிடங்களில் அழிந்துவிடக்கூடும்.

4. நிஷாப்பூர்: ஒரே கல், மூன்று சந்தைகள்

ஈரானின் கொராசான் பகுதியில் நிஷாப்பூருக்கு வடமேற்கேயுள்ள சுரங்கங்கள் நூற்றாண்டுக் கணக்காகப் புகழ்பெற்றவை. 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி தமது மணிநூலில் இக்கல்லைப் பற்றி எழுதியுள்ளார். 19ஆம் நூற்றாண்டில் ஈரானிய அரசு இச்சுரங்கங்களைக் குத்தகைக்கு விட்டது. அக்காலத்தில் அங்கு பணியாற்றிய ஹூட்டும் ஷிண்ட்லர் 1884இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து கல்லின் தரப்பகுப்பை அறிகின்றோம். ‘அங்குஷ்தரி’ எனும் மோதிரக் கற்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. ‘பார்கானே’ எனும் இரண்டாந்தரம் எடைக்கு விற்கப்பட்டது. ‘அராபி’ எனப்பட்ட கடைத்தரம் அரபு நாடுகளுக்குச் சென்றது. தரத்தின் பெயர்களே பயனையும் சந்தையையும் சுட்டுவன. இரசாயன வேறுபாட்டைச் சுட்டுவன அல்ல.

மஷ்ஹத் நகரின் சாணையாளர் இக்கற்களை வெட்டி, இமாம் ரிசாவின் அடக்கத்தலத்துக்கு வரும் யாத்திரிகருக்கான மோதிரங்களுக்கு ஆக்கினர். அவர்களின் சில்லு, எமரித் தூளை அரக்குடன் பிசைந்து வார்த்தது. வில்லின் நாண் அதனைச் சுழற்றும். ஒரு கை வில்லை இழுக்க, மறு கை கல்லைப் பிடித்தது. எமரி என்பது குருந்தக்கல்லின் தூய்மையற்ற வகை. அக்கனிப்பொருளுக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் கொறண்டம் என்ற பெயர் ‘குருந்தம்’ என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றது. அணிகல்லின் பெயர் வணிகவழியிலிருந்து வந்தது. அதனைத் தேய்க்கும் கல்லின் பெயரோ, அதனைக் கொண்டு தொழில் செய்த ஒரு நிலத்தின் பேச்சிலிருந்து வந்தது.

பாரசீகச் சந்தை மாசற்ற வான்நீலத்தையே உயர்வாகக் கொண்டது. பாறைக்கோடு ஓடிய கற்களில் எழுத்துக்களையும் பூவேலையையும் செதுக்கிப் பொன்னிட்டுக் குறையை மறைப்பது அங்கு வழக்கமாயிருந்தது. மாறாக, ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கில் சிலந்திவலை போன்ற கருங்கோடுகள் உள்ள கல்லே பெரிதும் விரும்பப்படுகின்றது. ஓரிடத்திற் குற்றமாவது பிறிதோரிடத்திற் குணமாகின்றது. அழகின் அளவுகோல் கல்லில் இல்லை. அதனைப் பயன்கொள்ளும் சமூகத்தின் வரலாற்றில் உள்ளது.

5. தென்மேற்கு அமெரிக்கா: கடனும் கைவினையும்

நியூ மெக்சிக்கோவின் செறியோஸ் குன்றுகளில், உலோகக் கருவிகள் இல்லாத காலத்திலேயே பியூப்லோ மக்கள் கற்கருவிகளாற் பெருங்குழிகள் அகழ்ந்து பிரோசாவை எடுத்தனர். சாக்கோ பள்ளத்தாக்கின் பியூப்லோ பொனித்தோ இடிபாடுகளிலிருந்து பல்லாயிரக்கணக்கான பிரோசா மணிகளும் துண்டுகளும் கிடைத்துள்ளன. அன்று அது சடங்குப் பொருளாகவும் பண்டமாற்றுப் பொருளாகவும் விளங்கியது.

இன்று ‘மரபு’ எனக் காட்சிப்படுத்தப்படும் வெள்ளியும் பிரோசாவும் சேர்ந்த அணி இவற்றினும் மிகப் பிந்தியது. 1864இல் நவாஹோ மக்கள் அமெரிக்கப் படையினரால் தம் நிலத்திலிருந்து நடத்திச் செல்லப்பட்டுச் சிறைவைக்கப்பட்டனர். 1868 உடன்படிக்கையின் பின் அவர்கள் திரும்பியபோது, வணிகநிலையங்கள் அவர்களின் பொருளாதார வாழ்வின் மையங்களாயின. வெள்ளியில் பிரோசா பதிக்கும் வழக்கம் 1880 அளவிலேயே நவாஹோ மக்களிடையே பரவத் தொடங்கியது. இருப்புப்பாதையோடு உல்லாசப்பயணிகள் வந்தனர். 1899 அளவில் ஃபிரெட் ஹார்வி நிறுவனம் பயணிகளுக்கென எடை குறைந்த அணிகளைச் செய்விக்கத் தொடங்கியது. தமக்கெனச் செய்தபோது கனமாயிருந்த வளையல், விற்பனைக்கெனச் செய்தபோது மெலிந்தது.

1944இல் வெளிவந்த ஜோன் அடேரின் நவாஹோ, பியூப்லோ வெள்ளிவினைஞர் பற்றிய ஆய்வு இவ்வுறவுகளைத் தெளிவாக்குகின்றது. வணிகர் வெள்ளியையும் கல்லையும் முன்கொடுப்பார். முடிந்த அணியைப் பெற்றுக் கணக்கிற் கழிப்பார். கருவி கைவினைஞருடையது, தொழிலிடம் அவரது வீடு. எனினும் மூலப்பொருளும் சந்தையும் பிறர் கையில் இருந்தன. சூனி மக்கள் கல் வெட்டிப் பதிக்கும் நுண்வேலையிற் சிறந்தவர்கள். அவர்களின் வேலைப்பாடு இத்தகைய உற்பத்தி உறவுகளினுள்ளேதான் மலர்ந்தது. கடன் இவ்வழகைப் படைத்தது எனக் கூறுவது இயந்திரப்பாங்கான முடிவாகும். எந்த அழகு விலைபோகும் என்பதைக் கடன் கொடுத்தவர் பெரிதும் நிர்ணயித்தார் என்பதே பொருத்தமான கூற்று.

6. ‘இயற்கை’ என்னும் சொல்

கடினமான கல் அரிதாகவே, சந்தை மென்கல்லை நாடியது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து மென்கல்லினுள் பிசினை ஊட்டி உறுதிப்படுத்தும் முறை பரவியது. தூளைப் பிசினோடு அழுத்திக் கட்டியாக்குவதும், வேறு வெண்கற்களுக்குச் சாயமேற்றிப் பிரோசாவென விற்பதும் தொடர்ந்தன. 1972இல் பியர் ஜில்சன் செயற்கைப் பிரோசாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 1980களின் பிற்பகுதியில், பிசின் கலவாமலே நுண்டுளைமையைக் குறைக்கும் ஸக்கரி முறை தோன்றியது. அதனை இரசாயனப் பகுப்பாய்வின்றிக் கண்டறிதல் கடினம். அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூற்றி சுரங்கத்தில் 2012இல் பிரோசா எடுப்பது நின்றமையும் நற்கல்லின் தட்டுப்பாட்டைக் கூட்டியது.

இச்சூழலில் ‘இயற்கை’ என்பது ஒரு விலைச்சொல் ஆயிற்று. பிசினூட்டிய கல்லைப் பிசினூட்டாததென விற்பது மோசடியே. வாங்குபவருக்கு உண்மை கூறப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அச்சொல் மற்றொன்றையும் செய்கின்றது. கல்லின் பெறுமதி முழுவதையும் மண்ணின் கொடையாகக் காட்டி, தெரிவு முதல் மெருகு வரையான உழைப்பைக் கணக்கிலிருந்து நீக்குகின்றது. முத்தினுள்ளோ வைரத்தினுள்ளோ பரிவர்த்தனைப் பெறுமதியை எந்த இரசாயனவியலாளரும் கண்டதில்லை என்ற கருத்தினை மார்க்ஸ் மூலதனத்தின் முதலாம் பாகத்தில் (1867) முன்வைத்தார். பிரோசாவும் அவ்வாறே. அருமையால் ஏறும் விலையில் ஒரு பகுதி சுரங்கத்தை உடைமையாகக் கொண்டவரின் வாடகையாகச் செல்கின்றது. அது சாணையாளரைச் சென்றடைவதில்லை.

கைவினைஞரின் பெயரைக் காக்கச் சட்டங்களும் எழுந்தன. ஐக்கிய அமெரிக்காவில் 1935இல் இந்தியக் கலை, கைவினைச் சபை அமைக்கப்பட்டது. பூர்வகுடியினர் செய்யாத பொருளை அவர்கள் செய்ததென விற்பதற்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம் கடுந்தண்டனை விதித்தது. பிலிப்பீன்சிற் செய்வித்த அணிகளைப் பூர்வகுடியினரின் கைவேலையென விற்ற வணிகர் ஒருவருக்கு 2018இல் நியூ மெக்சிக்கோவின் கூட்டரசு நீதிமன்றம் சிறைத்தண்டனை வழங்கியது. போலிப்பெயர் பூர்வகுடிக் கைவினைஞரின் பிழைப்பை நேரடியாகப் பறிக்கின்றது. ஆகவே அத்தீர்ப்பு நியாயமானதே. ஆனால் அந்த அணிகளையும் மனிதக் கைகளே செய்தன. அக்கைகளுக்குரியோரும் பெயரிழந்தவர்களே. ஒரு நாட்டின் மலிவான உழைப்பை மற்றொரு நாட்டின் கைவினைஞருக்கெதிராக நிறுத்தியது வணிகமூலதனம். இதனைக் காணாத ‘உண்மைப்பொருள்’ வாதம் பாதி உண்மையே.

இறுதியாக ஒன்றை வற்புறுத்துதல் அவசியம். உலர்நிலையில் அறுத்துத் தேய்க்கும்போது எழும் தூசியைச் சாணையாளர் சுவாசிக்கின்றார். பிரோசாவிற் சிலிக்கா இல்லையாயினும், அதனைச் சூழ்ந்த பாறையிற் பெரும்பாலும் உண்டு. நுண்ணிய சிலிக்காத் தூசி நுரையீரலில் மாறாத தழும்புகளை உண்டாக்கும். முழுவதும் சிலிக்காவான அகேட் கல்லைத் தேய்க்கும் குஜராத்தின் கம்பாத் தொழிலாளரிடையே சிலிக்கோசிஸ் நோய் பன்முறை பதிவாகியுள்ளது. நீர் சொட்டும் சில்லும், தூசியை உறிஞ்சும் விசிறியும், தகுந்த சுவாசக்கவசமும் இதனைப் பெரிதும் தடுக்கும். இவை நெடுங்காலமாக அறியப்பட்ட ஏற்பாடுகளே. துண்டுக் கூலிக்கு வீட்டிலே தொழில் செய்பவருக்கு அவற்றின் செலவை யார் ஏற்பது என்பதே எஞ்சியுள்ள பிரச்சினை.

ஒரு கல்லின் வரலாற்றை எழுதும்போது அது எங்கு கிடைத்தது, எவர் அணிந்தார் என்பவற்றோடு, எந்தச் சில்லில், எத்தகைய ஏற்பாட்டில், என்ன கூலிக்குத் தேய்க்கப்பட்டது என்பதையும் நாம் கேட்டாக வேண்டும். கலைப்பொருளை ஆராயும் எவருக்கும் இக்கேள்வி பொருந்தும். பிரோசாவின் விடயத்தில் அதற்கான விடை ஒரு தொழிலாளியின் நுரையீரலோடு தொடர்புடையதாகையால், அதனைப் பிற்போடுவதற்கு ஆய்வாளருக்கு உரிமையில்லை.